சிலேட்டா? சாஸ்திரமா?

(ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் சார்பில் ஒரு பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



பள்ளிக்கூடத்திற்குள் வந்துகொண்டிருக்கும் புது யந்திரங்களைப் பற்றி நம்முடைய அபிப்பிராயத்தைச் சொல்லும்படி நீங்கள் கேட்டுக் கொண்டிருக்கிறீர்கள். நாம் இன்னும் ஆசிரியர்களாகிவிடவில்லை. ஆவதற்குப் படித்துக் கொண்டிருப்பவர்கள்தான். வேலைக்குப் போய்ப் பழகியவர்களிடம் இருக்கும் அனுபவம் நம்மிடம் கிடையாது. ஆனாலும் பயிற்சிக்காகச் சில மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, அதில் தப்பும் செய்து, அந்தத் தப்பினால் சிறிது தெரிந்துகொண்டும் இருக்கிறோம். அதை உங்கள் முன் வைக்கிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

தோழர்களே! இந்த விஷயத்தில் இன்று இரண்டு கூட்டத்தார் பேசுகின்றார்கள். ஒரு கூட்டத்தார், "ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, செல்போன் வந்துவிட்டது, கேட்டால் பதில் சொல்லும் செயற்கை அறிவும் வந்துவிட்டது, இனி வாத்தியார் எதற்கு?" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "செல்போன் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது; பழையபடி பலப்பமும் பிரம்புமே போதும்" என்கிறார்கள். இவ்விரு கூட்டத்தாரும் யந்திரத்தையே பார்க்கின்றார்களே ஒழிய, அதன் எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கின்றது என்று பார்ப்பதே இல்லை. நம்மைப் பொறுத்தவரை கேள்வி அது ஒன்றுதான். யந்திரத்தின் முன் பிள்ளை கைகட்டி வாய் பொத்திக் கேட்டுக்கொண்டிருக்கின்றதா? அல்லது அதை எடுத்துத் தன் கையால் எழுதி, அழித்து, திரும்பவும் எழுதிப் பார்க்கின்றதா? முன்னது சாஸ்திரம்; பின்னது சிலேட்டு. யந்திரம் எவ்வளவு புதிதானாலும் இவ்விரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

நம்முடைய தப்பை முதலில் சொல்லிவிடுகிறோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சந்திரன் வளர்வதும் தேய்வதும் ஏன் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நாம் ஸ்மார்ட் போர்டில் ஒரு நல்ல வீடியோவைப் போட்டோம். பூமி சுற்றுகிறது, சந்திரன் சுற்றுகிறது, வர்ணம் வர்ணமாய் வெளிச்சம் வருகிறது, பின்னால் சங்கீதமும் கேட்கிறது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நாமும் பெரிய காரியம் செய்துவிட்டதாக எண்ணி வீடு போய்ச் சேர்ந்தோம். மறுநாள் வந்து, "சந்திரன் ஏன் தேய்கிறது?" என்று கேட்டோம். வகுப்பில் பெரும்பாலோர், "பூமியின் நிழல் அதன்மேல் விழுகிறது, சார்" என்றார்கள். வீடியோவில் அப்படிச் சொல்லவே இல்லை. பூமியின் நிழல் விழுவது சந்திர கிரகணத்தின்போதுதானே ஒழிய, மாதாமாதம் தேய்வதற்கும் நிழலுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பிள்ளைகள் தங்கள் மனதில் முன்பே இருந்த எண்ணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வீடியோவை வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையதல்ல. கேள்வி கேட்க அவர்களுக்கு நாம் இடமே கொடுக்கவில்லை.

பிறகு வேறு வழி செய்யலாம் என்று, "தினமும் சாயங்காலம் உங்கள் வீட்டுச் செல்போனில் சந்திரனைப் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள்" என்றோம். இது இரண்டாவது தப்பு. வகுப்பில் பாதிப்பேர் தலை குனிந்துகொண்டார்கள். சில வீட்டில் போனே இல்லை; சில வீட்டில் இருக்கும் ஒரே போன் தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடுகிறது. ஒரு பெண், "எங்கள் வீட்டில் பொம்பளைப் பிள்ளை போனைத் தொடக்கூடாது, தம்பிதான் வைத்திருப்பான், சார்" என்றாள். தம்பி அவளுக்கு ஒரு வகுப்பு கீழே படிக்கிறவன். போன் வைத்திருந்து படம் பிடித்து வந்தவர்கள் கதையும் நன்றாயில்லை. படத்தில் பிறையைக் காணோம். வெறும் வெள்ளைப் பொட்டுதான் விழுந்திருந்தது.

ஆகவே மூன்றாவதாக ஒரு ஏற்பாடு செய்தோம். அமாவாசைக்கு மறுநாள் முதல், தினமும் சூரியன் மறைந்த உடனே, ஒரே இடத்தில் நின்று, சந்திரன் எந்தத் திக்கில் இருக்கிறது, என்ன உருவத்தில் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நோட்டில் வரைந்து வரவேண்டும். அதற்குக் காகிதமும் பென்சிலும் போதும். இரண்டு நாள் மேகம் மூடிவிட்டது. அந்த இரண்டு நாளுக்கும் சில பிள்ளைகள் தாங்களாகவே ஒரு பிறையை வரைந்து வந்தார்கள். "பார்த்தாயா?" என்றால், "பார்க்கவில்லை, ஆனால் இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். "பார்க்காததைப் பார்த்ததாக எழுதக்கூடாது, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, மேகம் என்று எழுது" என்றோம். இந்த ஒரு பாடத்திற்காகவாவது அந்த இரண்டு நாள் மேகத்திற்கு நாம் நன்றி செலுத்த வேண்டும்.

பௌர்ணமி வந்ததும், வரைந்த படங்களையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே ஒரே ஒரு செல்போனில் வரிசையாகப் படம் பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக ஓடும்படி பிள்ளைகளே கோத்தார்கள். அதே ஸ்மார்ட் போர்டில் அது ஓடியது. மேற்கே சூரியன் மறைந்த இடத்திற்குப் பக்கத்தில் மூன்றாம் பிறை. ஏழெட்டு நாளில் தலைக்கு மேலே பாதிச் சந்திரன். கடைசியில் கிழக்கே முழுச் சந்திரன். நடுவில் மேகத்திற்காக இரண்டு வெற்றுத்தாள். இந்தத் தடவை கைதட்டல் வரவில்லை, சண்டை வந்தது. போனைத் தொடக்கூடாது என்று வைத்திருந்த அந்தப் பெண்தான் எழுந்து கேட்டாள்: "சார், நிழல் எப்போதும் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம்தானே விழும்? மூன்றாம் பிறை சூரியன் பக்கத்திலேயே இருக்கிறது. பூமியின் நிழல் அங்கே எப்படிப் போகும்?"

தோழர்களே! அவ்வளவுதான். நிழல் என்ற எண்ணம் அந்த வகுப்பில் அன்றோடு தீர்ந்தது. பிறகு ஒரு டார்ச் விளக்கையும் ஒரு பந்தையும் வைத்துக்கொண்டு, சந்திரனில் ஒரு பாதி எப்போதும் வெளிச்சமாகவே இருக்கிறது, நாம் நிற்கும் பக்கத்திலிருந்து அதில் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் மாறுகிறது என்று அவர்களே கண்டுகொண்டார்கள். முதல் நாளும் ஸ்மார்ட் போர்டுதான். கடைசி நாளும் அதே ஸ்மார்ட் போர்டுதான். முதல் நாள் அது சாஸ்திரமாய் இருந்தது. கடைசி நாள் சிலேட்டாயிற்று. மாறியது யந்திரமல்ல, பிள்ளையின் வேலை மாறிற்று.

நிற்க, இது இன்றைக்கு மாத்திரம் உள்ள விஷயமல்ல. சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1789-ம் வருஷம் முதல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கென்று இருந்த பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் நடத்தி வந்தார். நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதை அவர் கண்டார். அதையே தம் பள்ளியில் கொண்டுவந்து, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்படியும் ஏற்பாடு செய்தார். பிறகு 1797-ம் வருஷத்தில் லண்டனில் அதைப்பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். அது "மதராஸ் முறை" என்ற பேராலேயே இங்கிலாந்தில் பரவிற்று. ஸ்காட்லாந்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் மதராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது. ஒரு பிடி மணல் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

மணலுக்கு விலை கிடையாது, மின்சாரம் வேண்டாம். ஆனால் அதில் பிள்ளை எழுதலாம், தப்பினால் கையால் தடவி அழிக்கலாம், அடி வாங்காமல் திரும்பவும் எழுதலாம். நல்ல யந்திரத்திற்கு வேண்டிய குணம் இதுவே. ஆனால் இதில் நாம் பெருமைப்பட்டுக்கொண்டு மாத்திரம் இருந்துவிடக்கூடாது. அந்தக் காலத்துத் திண்ணையில் யார் யார் உட்கார முடிந்தது? "நீ தீண்டத்தகாதவன், வராதே" என்று எத்தனை பேர் விரட்டப்பட்டார்கள்? எத்தனை பெண்கள் உள்ளே விடப்பட்டார்கள்? மணல் எல்லோர் காலடியிலும் கிடந்தது. எழுத விட்டது சிலரை மாத்திரமே. ஆகவே ஒரு சாதனம் மலிவாய் இருப்பதினாலேயே அது எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று நம்புவது பைத்தியக்காரத்தனமாகும்.

அதற்கப்புறம் வந்த யந்திரங்களின் கதையையும் கேளுங்கள். 1913-ம் வருஷத்தில் அமெரிக்காவில் எடிசன் அவர்கள், இனிப் பள்ளிக்கூடத்தில் புத்தகத்திற்கு வேலை இராது, சினிமாப் படத்தின் மூலமே எல்லாவற்றையும் கற்பிக்கலாம், பத்து வருஷத்தில் பள்ளிக்கூட முறையே அடியோடு மாறிவிடும் என்று சொன்னார். மகா கெட்டிக்காரர்தான், ஆனாலும் நூறு வருஷத்திற்கு மேலாகியும் புத்தகம் இருக்கின்றது. நம் நாட்டில் 1975-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் முதல் ஒரு வருஷ காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்கி, 6 ராஜ்யங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டப்பட்டது. அதில் காலை வேளை பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. வருஷம் முடிந்ததும் அந்தக் கோள் திரும்பப் போய்விட்டது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டார் 8 லட்சத்திற்கு மேற்பட்ட சிறு லேப்டாப்புகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கொடுக்கப்பட்ட பள்ளிகளையும் கொடுக்கப்படாத பள்ளிகளையும் ஒப்பிட்டு 2012-ம் வருஷத்தில் வெளிவந்த ஆராய்ச்சியோ, கம்ப்யூட்டரைக் கையாளும் பழக்கம் கூடியிருந்தாலும், கணக்கிலும் மொழியிலும் பரீட்சைத் தேர்ச்சி கூடவில்லை என்றே கண்டது. நம் தமிழ்நாட்டிலும் 2011-ம் வருஷம் முதல் பிள்ளைகளுக்கு லேப்டாப் வழங்கப்பட்டது. ஏழைப் பிள்ளை வீட்டில் கம்ப்யூட்டர் நுழைந்ததே பெரிய காரியம்தான். அதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பெட்டியைக் கொடுப்பது பாதி வேலை. அந்தப் பெட்டியைக்கொண்டு பிள்ளை என்ன செய்யவேண்டும் என்பதை ஆசிரியருக்குக் கற்பிப்பது மற்றப் பாதி. இரண்டாவது பாதியை மறந்தால் முதல் பாதி வீண் செலவாகிவிடுகிறது.

அப்படியானால் யந்திரத்தைக்கொண்டு பிள்ளை என்னதான் செய்ய முடியும் என்று கேட்பீர்கள். ஒரு உதாரணம் சொல்லுகிறோம். தென் ஆப்பிரிக்காவில் பிறந்து, அங்கிருந்த நிறவெறியை எதிர்த்தவரான சீமோர் பேப்பர்ட் என்பவரும், சிந்தியா சாலமன், வாலி ஃபர்சைக் என்பவர்களும் சேர்ந்து 1967-ம் வருஷத்தில் அமெரிக்காவில் லோகோ என்று பிள்ளைகளுக்காகவே ஒரு கம்ப்யூட்டர் பாஷை செய்தார்கள். அதில் ஒரு ஆமை உண்டு. "100 அடி முன்னே போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு" என்று நான்கு தடவை சொன்னால், ஆமை ஒரு சதுரம் வரைந்துவிடும். இப்போது பிள்ளையைச் சம முக்கோணம் வரையச் சொல்லுங்கள். முக்கோணத்தின் மூலை 60 பாகை என்று புத்தகத்தில் படித்த பிள்ளை, "60 பாகை திரும்பு" என்று சொல்லும். ஆமை முக்கோணத்தை வரையாமல் எங்கோ போகும். விடாமல் சொல்லிக்கொண்டே போனால் அறுகோணமாய் முடியும். ஏன்? ஆமை திரும்ப வேண்டியது உள்மூலை அளவல்ல, வெளிமூலை அளவு. அதாவது 120 பாகை. இதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்வரை ஆமை கோபிக்காது, பிரம்பெடுக்காது, "உன் தலையில் களிமண்ணா?" என்று கேட்காது. தப்பு என்பது வெட்கப்படவேண்டியதல்ல, திருத்தவேண்டியது என்ற பாடத்தை அது கற்பிக்கின்றது.

இதற்குக் கம்ப்யூட்டர் இல்லையே என்று எந்தக் கிராமத்துப் பள்ளியும் வருத்தப்பட வேண்டியதில்லை. ஒரு பிள்ளை ஆமையாகட்டும். கையில் ஒரு சுண்ணாம்புக் கட்டியைக் கொடுங்கள். மற்றப் பிள்ளைகள் மைதானத்தில் நின்று கட்டளையிடட்டும். கட்டளை தப்பானால் கோடு தப்பாகும். எல்லோரும் சேர்ந்து திருத்தட்டும். கம்ப்யூட்டர் வரும்போது அந்தப் பிள்ளைகள் அதற்கு எஜமானர்களாய் உட்காருவார்கள், அடிமைகளாய் அல்ல. தமிழிலேயே கட்டளை எழுதுவதற்கு "எழில்" என்று ஒரு கம்ப்யூட்டர் பாஷையும் உண்டாக்கப்பட்டிருக்கிறது. தாய் பாஷையில் யோசிக்கிற பிள்ளை அதே பாஷையில் யந்திரத்தை வேலை வாங்க முடியும் என்பது சாமானிய விஷயமல்ல.

இனி எல்லாவற்றிலும் அபாயகரமான ஒன்றைச் சொல்லுகிறோம். நாம் பாடம் நடத்திய அதே வகுப்பில் ஒரு பையன், கிரகண நேரத்தில் சாப்பிட்டால் அது விஷமாகிவிடும் என்றான். "யார் சொன்னது? பாட்டியா?" என்றோம். "இல்லை சார், போனில் வந்தது, வீடியோவில் ஒரு டாக்டர் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னார்" என்றான். பார்த்தீர்களா! முன்னே பஞ்சாங்கம் சொல்லிற்று. இப்போது பஞ்சாங்கமே போனுக்குள் குடிபுகுந்து, கோட்டும் போட்டுக்கொண்டு வந்துவிட்டது. பாட்டி சொன்னால் எதிர்த்துக் கேட்கும் பையன், போன் சொன்னால் வாய் திறப்பதில்லை. "சாஸ்திரம் சொல்லுகிறது" என்பதற்குப் பதிலாக "போன் சொல்லுகிறது" என்று வந்தால், நாம் எதில் முன்னேறினோம்?

2022-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சாட்ஜிபிடி என்பது வெளிவந்தது முதல், கேள்வி கேட்டால் கட்டுரையே எழுதிக் கொடுக்கும் யந்திரங்கள் வந்துவிட்டன. அவை அநேக விஷயங்களைச் சரியாகவே சொல்லுகின்றன. சிலவற்றை அடியோடு தப்பாகவும் சொல்லுகின்றன. சரியானதைச் சொல்லும்போது உள்ள அதே தைரியத்தோடுதான் தப்பையும் சொல்லுகின்றன. இதை வகுப்பறைக்குள் விடக்கூடாது என்று சிலர் சொல்லுகிறார்கள். கதவை மூடினால் அது ஜன்னல் வழியாய் வரும். ஆதலால் நாம் ஆசிரியர்களானால் ஒரு காரியம் செய்ய உத்தேசித்திருக்கிறோம். "நம் ஊர் ஏரியைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுது" என்று பிள்ளைகள் அந்த யந்திரத்தைக் கேட்கட்டும். வந்த பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, ஏரிக்கரைக்குப் போகட்டும், மதகை எண்ணட்டும், நீர்ப்பாய்ச்சும் குடியானவரைக் கேட்கட்டும், பிறகு வந்து ஒவ்வொரு வாக்கியத்திற்கும் எதிரில் சரி, தப்பு, இன்னும் தெரியவில்லை என்று குறிக்கட்டும். அப்பொழுது அந்த யந்திரம் குருவாக இல்லாமல், பரீட்சை எழுதும் மாணாக்கனாகிவிடும். திருத்தும் உபாத்தியாயர் ஸ்தானம் பிள்ளைக்கு வந்துவிடும். எந்த யந்திரத்தையும் இப்படி எதிர்க்கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளையை எந்த யந்திரமும் கெடுக்க முடியாது.

கடைசியாக, யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வி. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனா வியாதியால் மூடப்பட்ட நம் பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021-ம் வருஷம் நவம்பர் முதல் தேதிதான் திறக்கப்பட்டன. ஏறக்குறைய 19 மாதம்! 2019-ம் வருஷத்திலேயே தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி அந்தக் காலத்தில் எத்தனையோ வீட்டுக்கு உதவிற்று. ஆனால் போனும் இண்டர்நெட்டும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு வாத்தியார் முகம் தெரிந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை மாடு மேய்க்கவும் கூலி வேலைக்கும் போயிற்று. முடிவில் சர்க்கார் என்ன செய்ய வேண்டியிருந்தது? 2021-ம் வருஷம் அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" என்று தொண்டர்களைத் தெருத்தெருவாய் அனுப்பவேண்டி வந்தது. யந்திரம் விட்ட இடத்தை மனிதர்கள்தான் போய் நிரப்பினார்கள். ஆகவே யந்திரம் வந்தால் வாத்தியார் வேண்டாம் என்பவர்களுக்கு இதுவே பதிலாகும்.

தாய்மார்களே! தகப்பன்மார்களே! உங்களை நாம் கேட்டுக்கொள்ளுவது சிறு காரியம். வீட்டில் ஒரு போன்தான் இருக்கிறதென்றால், பையனுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் பெண்ணுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள். "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு?" என்று சொல்லாதீர்கள். நம் வகுப்பில் நிழலைத் தகர்த்த கேள்வி எந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்திற்குப் போய், "எத்தனை கம்ப்யூட்டர் வாங்கினீர்கள்?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "என் பிள்ளை இந்த வாரம் அதைக்கொண்டு தானாக என்ன செய்தது? என்ன கேள்வி கேட்டது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஆசிரியர்களாகப் போகும் நமக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் தயவு தாட்சண்யம் இல்லாமல் கேளுங்கள்.

நாளை நாமும் ஒரு வகுப்பறைக்குள் நுழைவோம். அங்கே விலை உயர்ந்த யந்திரம் இருக்கலாம். அல்லது ஒரு கூடை மணல்தான் இருக்கலாம். எதுவாயிருந்தாலும் அதைச் சிலேட்டாக்கிப் பிள்ளையின் கையில் கொடுப்பதே நம் வேலை என்று நினைத்திருக்கிறோம். அதில் நாம் தவறினால், இன்று பொறுமையாய்க் கேட்ட நீங்கள் அன்று வந்து கண்டியுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.